பழைய படகின் உள்சுவருக்கு எந்தப் பலகை?

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

பழைய படகொன்றை வாங்கி, அதன் உள்ளறையைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "தேக்கா, மகோகனியா?" என்றுதான். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. பழைய பலகை ஏன் கெட்டது, புதிய பலகையின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்ற இரண்டும் அதற்கு முன்னே வரிசையில் நிற்கின்றன. ஆறு மில்லிமீற்றர் தேக்குப் பிளைவுட் ஒன்றை வாங்கினால், அதில் தேக்கு இருப்பது சுமார் அரை மில்லிமீற்றர். மிச்சம் ஐந்தரை மில்லிமீற்றரும் வேறு மரம், பசை, சில வேளைகளில் வெறும் காற்று. அந்த ஐந்தரை மில்லிமீற்றருக்காகப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நமது தோணிக்கும் வள்ளத்துக்கும் உள்ளறை என்ற பேச்சே இல்லை. நான் சொல்வது பொல்கொட ஏரியில் கட்டிக் கிடக்கும் பழைய உல்லாசப் படகுகள், முகத்துவாரம் பக்கம் யாரோ ஒருவர் விற்றுத் தொலைத்த மரப் படகுகள், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த கண்ணாடியிழைப் படகுகள் ஆகியவற்றைப் பற்றி. வெளியே கண்ணாடியிழை என்றாலும், உள்ளே தடுப்புச் சுவர், அலுமாரிக் கதவு, படுக்கையின் பக்கப்பலகை எல்லாம் மரம்தான்.

பலகையை உப்புநீர் தின்றுவிட்டது என்று பலர் சொல்வார்கள். பாவம், கடலின் மேல் வீண்பழி. மரத்தை உக்கச் செய்யும் பூஞ்சணத்துக்கு உப்பு ஒத்துவராது. உள்ளறையை அழிப்பது பெரும்பாலும் மேல்தளத்தின் ஆணித்துளை வழியாகவும், ஜன்னல் சட்டத்தின் ஓரமாகவும் கசியும் மழைநீர். ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் கொழும்பில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஜன்னலின் கீழ்மூலையைப் பாருங்கள். தேயிலைச் சாயம் நிறத்தில் ஒரு கோடு இறங்கியிருக்கும். அது முடியும் இடத்தில் வார்னிஷ் மெல்லிய செதிலாகக் கிளம்பியிருக்கும். அங்கே ஒரு கூரூசியை வைத்து அழுத்துங்கள். நல்ல பலகை ஊசியை எதிர்க்கும். உக்கிய பலகை சத்தமின்றி உள்ளே விடும். அந்த ஊசி போகும் எல்லை வரைக்கும் அல்ல, அதற்கு அப்பால் ஒரு சாண் தள்ளி வெட்டி எடுக்க வேண்டும். கசிவை அடைக்காமல் புதிய பலகை அடிப்பவர், இரண்டு மூன்று மழைக்காலம் கழித்து அதே தச்சரைத் தேடி மீண்டும் மொறட்டுவைக்குப் போவார்.

இனி உள்பலகை. பழைய சோனகத் தெருவில் ஹாட்வெயார் கடைக்காரரிடம் கேட்டால் "மரைன்" என்று ஒரு பலகையைத் தட்டிக் காட்டுவார். பலகையில் பி.எஸ். 1088 என்ற முத்திரையும் இருக்கும். அது பிரித்தானியத் தரம்: கொதிநீரிலும் விடாத பசை, நடு அடுக்குகளில் இடைவெளியின்மை, குறையற்ற மேற்பரப்பு ஆகியவற்றை வேண்டுகிறது. முத்திரை குத்த மை மட்டும் போதும் என்பதால் நான் முத்திரையைப் பார்ப்பதில்லை; வெட்டிய விளிம்பைப் பார்ப்பேன். அடுக்குகளுக்கு நடுவே ஒரு தீக்குச்சி நுழையும் ஓட்டை தெரிந்தால் அந்தப் பலகை சமையலறை அலுமாரிக்குப் போகட்டும். ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து சில மணி நேரம் கொதிக்க வையுங்கள், காய வையுங்கள், மறுபடியும் கொதிக்க வையுங்கள். அடுக்குகள் பிரிந்தால் கதை முடிந்தது. வீட்டில் திட்டு வாங்க நேரிடும், பழைய பானையைப் பயன்படுத்துங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தரம் பசைக்கு உறுதி சொல்கிறதே தவிர, மரம் உக்காது என்று சொல்லவில்லை. நல்ல மரைன் பலகைகள் பலவும் ஆபிரிக்காவின் ஒக்கூமே என்னும் இலேசான மரத்தால் ஆனவை. படகுக்கு எடை குறைவு நல்லதுதான். ஆனால் ஈரத்தில் கிடந்தால் ஒக்கூமே விரைவில் உக்கும். ஆகவே, விளிம்புதான் உயிர். வெட்டிய ஒவ்வொரு விளிம்புக்கும், திருகாணி போகும் ஒவ்வொரு துளைக்கும் எப்பொக்சி என்னும் ஈரம் புகாத பிசினைத் தடவுங்கள். முதல் பூச்சை மரம் குடித்துவிடும். இரண்டாவதையும் கொஞ்சம் குடிக்கும். மேற்பரப்பில் பளபளப்பு நிற்கும் வரை தடவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்.

இப்போது தேக்கா மகோகனியா என்று கேட்கலாம்.

ஒல்லாந்தர் 1680 இல் கொண்டுவந்தது முதல் தேக்கு இந்தத் தீவில் இருக்கிறது. எண்ணெய்ப்பசை உள்ள மரம், அதிகம் சுருங்காது, படகுக்கு அதைவிடப் பொருத்தம் எதுவுமில்லை. அதன் எண்ணெயே ஒட்டும்போது எதிரியாகிறது: பசை தடவுவதற்குச் சற்று முன்னர் அசிற்றோன் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். மகோகனி அழகுதான், ஆனால் வயதேற வயதேற கறுக்கும். ஆறடி உயரமும் இல்லாத அறையை நான்கு பக்கமும் மகோகனியால் மூடினால் பட்டப்பகலிலும் மின்விளக்குப் போட வேண்டிவரும். முதிரை ஒரு கன மீற்றருக்கு 950 கிலோ அளவில் கனக்கும்; கைப்பிடிக்கும் படிக்கும் வையுங்கள், சுவருக்கு வேண்டாம். வாங்கும்போது அனுமதிப் பத்திரத்தைக் கேளுங்கள். கைப்பிடிக்கும் விளிம்புச் சட்டத்துக்கும் எனக்குப் பிடித்தது பலா. வெட்டியதும் மஞ்சளாக இருந்து, வெளிச்சம் பட்டுப் பழுப்பாகி, பழைய தேக்கோடு சண்டையில்லாமல் நிற்கும். வேம்பு வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வல்வெட்டித்துறையில் வேம்பால் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போன கதை நம் எல்லோருக்கும் பெருமை. ஆனால் வேம்பின் நார் பின்னிக்கொண்டு ஓடும். சீவுளி இழுக்கும் கைக்குத்தான் அதன் அருமை தெரியும்.

வெனியரில், அதாவது பலகையின் மேல் ஒட்டும் மெல்லிய மரத்தகட்டில், மரத்தின் பெயரைவிட அதை வெட்டிய விதம் முக்கியம். கட்டையைச் சுழலவிட்டு உரித்த தகட்டில் பெரிய அலைகள் ஓடும். பழைய படகில் அது ஹோட்டல் வரவேற்பறையைத்தான் நினைவூட்டும். நேர்கோடாக ரேகை ஓடும் தகட்டைத் தேடுங்கள், குறுகிய அறை அதனால் நீண்டு தெரியும். பழைய வெனியர் பல இடங்களில் தடிப்பானது, தேய்த்துப் புதுப்பிக்கலாம். இன்றைய தகட்டில் மின்சாரத் தேய்ப்பானை ஓட்டினால் ஒரு மூச்சில் அடியில் உள்ள வெள்ளைப் பலகை எட்டிப் பார்க்கும். செருப்புக்கு ஒட்டும் பசை வகையால் வெனியரை ஒட்டித் தருகிறேன் என்பார்கள். மார்ச் மாத வெயிலில் கதவடைத்துக் கிடக்கும் படகுக்குள் அந்தப் பசை இளகும். தகடு கொப்புளமாக எழும்.

வெனியரே வேண்டாம், முழுப் பலகைதான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. கொழும்புக் காற்றில் மரம் 15 சதவீத ஈரத்தோடு இருக்கும். குளிரூட்டியைப் போட்டால் 10 சதவீதத்துக்கு இறங்கும். பட்டையாக அறுத்த 300 மில்லிமீற்றர் அகலத் தேக்குப் பலகை அந்த மாற்றத்தில் ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் சுருங்கும். நாலு பக்கமும் ஆணியடித்திருந்தால் அது வெடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. சட்டத்தின் பள்ளத்துக்குள் பசையில்லாமல் மிதக்கவிட வேண்டும்.

என் விருப்பத்தைக் கேட்டால், சுவரில் பெரும்பகுதிக்கு வெள்ளைப் பூச்சு, ஓரச்சட்டங்களுக்கு மட்டும் வார்னிஷ் போட்ட மரம். அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர்களான ஹெரஷாஃப் குடும்பத்தின் பெயரால் அறியப்படும் பழைய முறை இது. அறை வெளிச்சமாக இருக்கும், கசிவு வந்தால் வெள்ளையில் உடனே தெரியும், நல்ல மரத்துக்கான செலவு கை தொடும் இடத்தில் மட்டும் விழும். உரிமையாளர்கள் முகம் சுளிப்பார்கள். மரப்படகு வாங்கிவிட்டு மரத்துக்கு வெள்ளையடிப்பதா என்பார்கள். அடித்துப் பாருங்கள்.

பழைய பலகைக்கு அருகில் புதியது வரும் இடத்தில் நிறம் பொருந்தாமல் போகும். அவசரப்பட்டுச் சாயம் ஏற்றாதீர்கள். புதுத் தேக்கு திட்டுத்திட்டாகத் தெரிந்தாலும் சில வாரங்கள் வெயில் பட்டால் ஒரே நிறத்துக்கு வரும். வெட்டி மிஞ்சிய துண்டின் பாதியைக் காகிதத்தால் மூடி, மொட்டைமாடியில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வார்னிஷ் வேலையை ஜனவரி முதல் மார்ச் வரை வைத்துக்கொள்வது நல்லது. திருகாணிகள் பித்தளையாகவோ கறையில்லா எஃகாகவோ இருக்கட்டும்; சாதாரண இரும்பு, தேக்கில் கறுப்பு வட்டம் போடும்.

கடைசியாக, வெனியர் வாங்கும்போது ஒரே கட்டிலிருந்து இரண்டு தகடு கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கட்டு வேறு மரத்திலிருந்து வந்திருக்கும், ரேகை பொருந்தாது. அவற்றைப் படகில் வைக்க வேண்டாம்; வீட்டில், வெளிச்சம் படாத இடத்தில், இரண்டு தட்டையான பலகைகளுக்கு நடுவே வையுங்கள்.

நன்றி. வணக்கம்.