பூச்சில்லாத லென்ஸும் நிழலின் கறுப்பும்

நேயர்களுக்கு வணக்கம். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களில் பழைய ஃபிலிம் கேமராவைத் தூசி தட்டி எடுப்பவர்களுக்கு, ஒளி திரும்புவதைக் குறைக்கும் பூச்சில்லாத லென்ஸுக்கு எக்ஸ்போஷரை, அதாவது ஃபிலிமில் விழும் ஒளியின் அளவை, கூட்ட வேண்டுமா என்ற ஐயம் எழுவது இயல்பே.

காற்றைத் தொடும் ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளி திரும்பிவிடுகிறது. 1896-இல் பால் ருடால்ஃப் வடிவமைத்த பிளானார் லென்ஸில் இத்தகைய பரப்புகள் 8 இருப்பதால், நுழையும் ஒளியில் 72 விழுக்காடே நேராக ஃபிலிமைச் சேரும்; இழப்பு ஏறக்குறைய அரை ஸ்டாப் (ஒளி பாதியாகக் குறைவது ஒரு ஸ்டாப்). 1935-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஸ்மாகுலா வெற்றிடத்தில் பூச்சு படியவைக்கும் முறையைக் கண்டார். பின்னர் பரவலான மக்னீசியம் ஃபுளோரைடுப் பூச்சு, சுமார் 100 நானோமீட்டர் கனமே கொண்டது. அதன் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று தணிப்பதால், பரப்புக்கு ஒன்றரை விழுக்காடு அளவே ஒளி வீணாகிறது. பல அடுக்குப் பூச்சில் அது இன்னும் குறைவு.

அரை ஸ்டாப்பை ஈடுகட்டுவது எளிது. திரும்பிய ஒளி செய்யும் கெடுதலே பெரிது. அதில் ஒரு பகுதி கண்ணாடிகளுக்கிடையே மோதி, உருவமற்ற வெளிச்சமாக ஃபிலிம் முழுவதும் படர்கிறது. முதலமடை மாந்தோப்பில், இலைகளினூடே வெண்வானம் தெரிய, நிழலில் நின்று காய் பறிப்பவரைப் படமெடுத்தால், கறுப்பாக இருக்க வேண்டிய அடிமரமும் அவருடைய தலைமுடியும் சாம்பல் பூத்துவிடும். எக்ஸ்போஷரைக் கூட்டினால் அந்தப் படலமும் அதே விகிதத்தில் கூடுமேயன்றி விலகாது.

கையில் பிடிக்கும் லைட் மீட்டருக்கு லென்ஸின் இழப்பு தெரியாது. நேராகவே படமாகும் ஸ்லைடு ஃபிலிமில், மீட்டர் எஃப் 8 என்ற துளையளவைக் காட்டினால், லென்ஸின் துளை வளையத்தை 8-க்கும் அதைவிடப் பெரிய துளையான 5.6-க்கும் இடையில் வைப்பது நல்லது. நெகட்டிவ் ஃபிலிம் இந்த வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும். லென்ஸ் வழியே அளக்கும் கேமராவில் இழப்பு ஏற்கெனவே கணக்கில் சேர்ந்துவிட்டது. மீண்டும் கூட்டுவது தவறு. சொல்லப்போனால், படர்ந்த வெளிச்சத்தையும் அந்தக் கேமரா காட்சியின் ஒளியென்றே எண்ணி எக்ஸ்போஷரைச் சற்றுக் குறைத்துக் கொடுக்கவும் கூடும்.

பூச்சு உண்டா என்றறிய, லென்ஸை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். விளக்கின் பிம்பங்கள் வெள்ளையாகவே தெரிந்தால் பூச்சில்லை. ஊதாவாகவோ மஞ்சள் கலந்தோ தெரிந்தால் உண்டு. பூச்சில்லாத லென்ஸின் மீது நேர்வெயில் விழாமல் ஹுட் (லென்ஸின் முன்னே மாட்டும் நிழல்மறைப்பு) மாட்டுங்கள், அல்லது உடன் வந்தவரைக் குடை பிடிக்கச் சொல்லுங்கள். வானமே படத்தின் சட்டத்துக்குள் இருந்தால் குடையால் பயனில்லை. இரண்டடி நகர்ந்து, அடர்ந்த இலைகளைப் பின்னணியாக்கிக்கொள்ளுங்கள்.