பையில் இருக்க வேண்டிய பொருள்

அம்மாமாரே, ஐயாமாரே, தம்பி தங்கைமாரே,

பையைத் திறந்து காட்டுவது வன்னிச் சனத்துக்குப் புதிதல்ல. போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி, பொதிகளை அவிழ்த்து, வெயிலில் வரிசையாக நின்றவர்கள் நாங்கள். சாவடி போய்விட்டது, யாரோ என் பையைக் கிளறப் போகிறார்கள் என்ற நடுக்கம் போகவில்லை. நான் பேச வந்த விஷயமும் அந்த நடுக்கத்தில்தான் தொடங்குகிறது.

காசுக்காக ஆண்களோடு உறவு வைக்கும் பெடியள் எங்கள் ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் எங்கள் பிள்ளைகள். அவர்களைத் தேடிப் போகிறவர்களும் எங்கள் ஆட்கள்தான். சிலருக்கு வீட்டில் மனைவி இருக்கிறாள்.

ஆணுறை நோயைத் தடுக்கும் என்று அந்தப் பெடியனுக்குத் தெரியும். தெரிந்தும் பையில் வைக்கப் பயப்படுகிறான். 1883 இல் வெள்ளைக்காரர் கொண்டுவந்த தண்டனைச் சட்டக் கோவையில், ஆணோடு ஆண் உறவு வைப்பதைக் குற்றமாக்கும் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. வீதியில் நிற்கிறவரைப் பிடிக்க 1841 ஆம் ஆண்டுச் சட்டமொன்றும் இருக்கிறது. ஆணுறை வைத்திருப்பது இவற்றில் எதன் கீழும் குற்றமல்ல. ஆனால் அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவன் நினைக்கிறான். பொலிஸ் பார்க்கலாம், தாய் சட்டை தோய்க்கும்போது பார்க்கலாம். வெறும் கையோடு போகிறான். அங்கே வந்தவர், உறை இல்லாமலென்றால் கூடக் காசு தருகிறேன் என்கிறார். வேலையில்லாத மாரிகாலத்தில் அந்தக் காசை வேண்டாமென்று சொல்வது லேசில்லை. ஆகவே, ஏன் உறை போடவில்லை என்று அவனைக் கேட்கும் கேள்வியை முதலில் காசு கொடுக்கிற ஆம்பிளையிடம் கேளுங்கள் என்கிறேன்.

இனி வெட்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துக் கேளுங்கள். குதவழியின் தோல் மெல்லியது. தானாக ஈரம் சுரக்காது, சுலபமாகக் கிழியும். எச்.ஐ.வி தொற்ற அந்தச் சிறு கீறலே போதும். அதனால் வழுக்கல் களிம்பு வேண்டும். எங்கள் வீடுகளில் கைக்கெட்டுவது தேங்காய் எண்ணெய், இல்லையென்றால் வஸ்லின். இரண்டுமே ரப்பரை இளக்கிவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, பாவிக்கும்போது உறை வெடிக்கும். உறை போட்டும் நோய் வந்துவிட்டதே என்று அழுகிறவர்களில் இந்த எண்ணெய்க் கதை உள்ளவர்களும் உண்டு. தண்ணீரில் செய்த களிம்பையே பாவியுங்கள். பாதுகாப்பென்று இரண்டு உறையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாதீர்கள், உரசிக் கிழியும். எங்கள் வெயிலில் மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்த உறையையும் நம்ப வேண்டாம்.

உறை கிழிந்துவிட்டால் விடியட்டும் என்று படுத்துவிடாதீர்கள். எச்.ஐ.வி தொற்றாமல் தடுக்க, 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்கும் மருந்து இருக்கிறது. எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது.

உறவால் தொற்றும் இன்னொரு நோய் கொனோரியா. அது குதவழியிலும் தொண்டையிலும் வந்தால் பலருக்கு எந்த அறிகுறியும் காட்டாது. சிறுநீரை மட்டும் சோதித்தால் நோய் அகப்படாமல் போய்விடும். எங்கே எப்படி உறவு நடந்தது என்று வைத்தியருக்கு ஒளிக்காமல் சொன்னால்தான் சரியான இடத்தில் சோதிப்பார். உறவால் தொற்றும் சிபிலிஸ் நோய்க்குப் பெனிசிலின் ஊசி போதும். எச்.ஐ.வி இருந்தாலும், ஒழுங்காக மருந்தெடுத்துக் கிருமியின் அளவு கருவிக்கே தென்படாதபடி குறைந்தவரிடமிருந்து உறவின் மூலம் அது தொற்றாது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. இலவசம், இரகசியம் காக்கப்படும்.

அங்கே வேலை செய்கிற பிள்ளைகளிடமும் ஒரு வேண்டுகோள். வந்தவனிடம், கலியாணம் கட்டினதா, இந்தப் பழக்கம் எப்ப வந்தது என்று கேட்காதீர்கள். அந்த ஒரு பார்வையிலேயே திரும்பிப்போய், பிறகு நோய் முற்றித்தான் வந்தார்கள் சிலர். எனக்கு இன்றும் அது தாங்கவில்லை.

பின்கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். ஆணுறையும் களிம்பும் இருக்கின்றன. யாருக்கு, எதற்கு என்று கேட்க அங்கே ஆளில்லை. போகும்போது எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். வணக்கம்.