சால்வென்ட் பறக்கும், அழுக்கு பறக்காது

வணக்கங்க. மன்னார்குடி, திருவாரூர், பட்டுக்கோட்டை பக்கம் ரைஸ்மில் நடத்தறவங்க, தவிட்டு எண்ணெய் ஆலையில வேலை பாக்கறவங்க, மூலிகைச் சாறு எடுக்கற தொழில் ஆரம்பிக்கலாமான்னு யோசிக்கற தம்பி தங்கச்சிங்க, சால்வென்ட்ல, அதாவது எண்ணெயையும் சாறையும் கரைச்சு எடுக்க ஊத்தற திரவத்துல, இருக்கற அழுக்கப் பத்தி உங்களுக்காகத்தான் இன்னைக்கு பேச வந்தேன்.

தவிட்டுல எண்ணெய் கம்மி, செக்குல ஆட்டினா நிறைய தவிட்டோடயே தங்கிடும், அதனால ஹெக்சேன்ங்கற சால்வென்ட்ட ஊத்தி எண்ணெய கரைச்சு இறக்கி, அப்பறம் சூடு பண்ணி ஹெக்சேன ஆவியாக்கிப் புடிச்சு, அதையே திரும்பவும் ஊத்துவாங்க. கனடா மாதிரி கஞ்சாவுக்கு லைசென்ஸ் குடுக்கற நாடுகள்ல அதோட சாறு எடுக்கறவங்களும் பியூட்டேன், எத்தனால்னு வச்சு கிட்டத்தட்ட இதே வேலையத்தான் செய்றாங்க. நம்ம நாட்டுல அது 1985 போதைப்பொருள் சட்டத்துல வர்ற குத்தம், யாரும் கை வைக்காதீங்க. ஆனா அவங்க லேப்ல கேக்கற கேள்வியும் நம்ம ஆலையில கேக்க வேண்டிய கேள்வியும் ஒண்ணுதான்: ஊத்தற சால்வென்ட் எவ்வளவு சுத்தம்?

"சால்வென்ட்தான் பறந்துடுதே சார், அப்பறம் என்ன பயம்?"னு நிறைய பேர் கேக்கறாங்க. வேதாரண்யம் உப்பளத்துல தண்ணி போயிடுது, உப்பு எங்கங்க போகுது? கணக்கா பாருங்க, ஒரு லிட்டர் சால்வென்ட்ல ஆவியாகாத அழுக்கு வெறும் 10 மில்லிகிராம்னு வைங்க, 10 லிட்டர் ஊத்தி 100 கிராம் சாறு எடுத்தா அந்த 100 மில்லிகிராமும் அதுலதான் வந்து உக்காரும், அதாவது 1000 பிபிஎம், பத்து லட்சம் பங்குல ஆயிரம் பங்கு.

இதப் பாக்கறது பெரிய வித்தை இல்ல. எடை போட்ட கண்ணாடிக் கிண்ணத்துல 100 மில்லி ஊத்தி ஆவியாக்கி மறுபடி எடை போடணும், மிஞ்சறது ஒரு மில்லிகிராம் அளவுல இருக்கும்ங்கறதால நாலு டெசிமல் தராசு வேணும். லேப்ல, ஆவிய வெளிய இழுக்கற புகைக்கூண்டுக்குள்ள (ஃப்யூம் ஹூட்) மட்டும்தான் செய்யணும், அடுப்பாங்கரையில வேண்டவே வேண்டாம், ஹெக்சேன் ஆவி காத்தை விட கனம், தரையோட தரையா ஓடிப்போய் எங்கயோ இருக்கற நெருப்புல பத்திக்கும்.

ஆனா சால்வென்ட்ல பென்சீன் கலந்திருந்தா இந்த டெஸ்ட்ல மாட்டாது, அதுவும் சேந்து பறந்துடும். பென்சீன் கேன்சர் வரவைக்கற சரக்கு, அதப் புடிக்க, கலந்திருக்கறத தனித்தனியா பிரிச்சுக் காட்டற கேஸ் குரோமட்டோகிராஃப் மெஷின் மாதிரி லேப் டெஸ்ட் வேணும். ஹெக்சேனே கூட தினம் சுவாசிச்சா நரம்பக் கெடுத்து கை கால் மரத்துப் போகும், ஆலைத் தொழிலாளிங்க இத தெரிஞ்சுக்கணும். சால்வென்ட்ல எடுத்த எண்ணெய ரிஃபைன் பண்ணாம சாப்பாட்டுக்கு விக்கவே கூடாது, ரிஃபைன் பண்ணின எண்ணெய்லயும் ஹெக்சேன் 5 பிபிஎம்முக்கு மேல நிக்கக் கூடாதுன்னு நம்ம உணவுச் சட்டமே சொல்லுது.

எனக்கு பெரிய கவலை பேரலும் ஹோஸும்தாங்க. உள்ள வர்ற சால்வென்ட் சுத்தமா இருந்தாலும் பெயிண்ட் தின்னரோ பூச்சி மருந்தோ இருந்த பழைய பேரல்ல மாத்தி வச்சா எல்லாம் போச்சு. பிவிசி ஹோஸ்ல ஓடவிட்டா அதுல ஹோஸ் வளையறதுக்காகச் சேத்திருக்கற பிளாஸ்டிசைசரை ஹெக்சேன் கரைச்சு இழுத்துடும், கொஞ்ச நாள்ல ஹோஸ் வெறைப்பா ஆயிடுச்சுன்னா அந்த சரக்கு எண்ணெய்க்குள்ள போயிருக்குன்னு அர்த்தம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் டெஃப்லானும் விலை ஜாஸ்திதான், பரவால்ல போடுங்க.

வாங்கறப்ப ஃபுட் கிரேடுன்னு வாயால சொன்னா ஒத்துக்காதீங்க, அந்த பேட்ச்சோட டெஸ்ட் ரிப்போர்ட்ட கேளுங்க, ஒவ்வொரு லோடுலயும் கொஞ்சம் கண்ணாடி பாட்டில்ல சீல் பண்ணி தனியா பத்திரமா வைங்க, நாளைக்கு எண்ணெய்ல ஏதாவது கெளம்பினா எந்த லோடுலேருந்து வந்துச்சுன்னு அத வச்சுத்தான் புடிக்க முடியும்.