டீக்கடையால் வந்த பெயர் இல்லை, சாமி!

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சாப்பாட்டு வீடியோ இல்லை, பசியோடு வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். போன வாரம் சென்னை டி. நகர் ரங்கநாதன் தெருவில் செருப்பு வாங்கியதைப் போட்டேன் இல்லையா, அதற்கு ஒரு தம்பி, "அண்ணா, டீக்கடை நிறைய இருப்பதால்தான் டீ நகரா?" என்று கேட்டிருக்கிறார். விளையாட்டு என்றுதான் நினைத்தேன். பார்த்தால் நாலைந்து பேர் "ஆமாம் ப்ரோ" என்று அதற்குத் தலையாட்டியிருக்கிறார்கள். இரண்டு நாளாக அதே கடுப்பு.

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். தினமும் ஏறி இறங்குகிற மெட்ரோ நிலையத்தின் பெயரே சர் தியாகராயா கல்லூரி. அந்தத் தியாகராயர்தான் அங்கேயும்: தியாகராய நகர். எழுதும்போது தி. நகர், வாயைத் திறந்தால் டி. நகர். ஒரு முழு மனிதரை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிட்டோம், அதையும் சரியாக உச்சரிப்பதில்லை.

சரி, அவர் சிலையை நேரிலேயே காட்டிவிடலாம் என்று மெட்ரோவில் ஏறி, நான்காவது நிறுத்தம் சென்ட்ரல், இறங்கிப் படியேறுகிறேன். டப். செருப்பு வார் அறுந்தது. அதே செருப்பு! 180 ரூபாய், ஏழே நாள். கடைக்காரர் "வருஷக்கணக்கில் உழைக்கும் சார்" என்று சொன்னது என் வீடியோவிலேயே இருக்கிறது. ஒற்றைக் காலைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தால், நடைபாதையில் குடைக்குக் கீழே ஒரு பெரியவர். கையில் வாங்கிப் பார்த்தார், சிரித்தார், நான்கு தையல் போட்டார். 30 ரூபாய். "இந்தத் தையல் மட்டும்தான் இதிலே மிஞ்சும்" என்றார். கடைக்காரரைவிட இவரை நம்புகிறேன்.

இதோ, ரிப்பன் மாளிகை, சென்னை மாநகராட்சி அலுவலகம். அதோ சிலை. ஹாரன் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பிட்டி தியாகராயர், நெசவுத் தொழில் குடும்பம். எப்போதும் வெள்ளை உடைதான், அதனாலேயே வெள்ளுடை வேந்தர் என்று பெயர். 1882இல் மாநகராட்சி மன்றத்துக்குள் போனவர், 1922 வரை இருந்தார். நாற்பது வருஷம்! தெரு, சாக்கடை, குடிநீர், பள்ளிக்கூடம் என்று பேசுகிற மன்றத்தில் நாற்பது வருஷம் உட்கார எவ்வளவு பொறுமை வேண்டும்! எங்கள் தெருவில் குழாய் உடைந்தது பற்றிப் புகார் கொடுத்த வீடியோ நினைவிருக்கிறதா? மூன்றாவது நாளே எனக்கு வெறுத்துவிட்டது.

எனக்கு அவரைப் பிடிக்கக் காரணம் இன்னொன்று. 1920 சென்னை மாகாணத் தேர்தலில், பிராமணரல்லாதாருக்காகத் தொடங்கிய நீதிக்கட்சி ஜெயிக்கிறது. கட்சியைத் தொடங்கியவர்களில் இவர் ஒருவர். ஆளுநர் வில்லிங்டன் கூப்பிட்டு ஆட்சி அமைக்கச் சொல்கிறார். முதலமைச்சர் நாற்காலி, மக்களே. வேண்டாம் என்கிறார்! சுப்பராயலு ரெட்டியார் அதில் உட்கார்ந்தார், இவர் மாநகராட்சியை விடவில்லை.

ஐயோ, முக்கியமானதைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். அதுவரை அரசு நியமித்த ஆள்தான் மாநகராட்சித் தலைவர். உறுப்பினர்களே தேர்ந்தெடுத்த முதல் தலைவர் இவர். அவர் தலைவராக இருந்தபோதுதான், 1920இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட ஆரம்பித்தார்கள். பசியோடு வருகிற பிள்ளைக்குப் பாடம் எப்படி ஏறும்? ஒரு பிள்ளைக்கு ஒரு நாளுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. ரூபாய்க்குப் பதினாறு அணா. என் செருப்புத் தையல் காசில் 480 பிள்ளைகள் சாப்பிட்டிருக்கலாம். விலைவாசி வேறு என்று சொல்ல வராதீர்கள், எனக்கும் தெரியும், ஆனாலும் உறுத்துகிறது.

இன்னும் சில பள்ளிகளுக்குப் பரவிய அந்தத் திட்டத்தின் செலவுக்கு 1925இல் வெள்ளைக்கார அரசு தடை போட்டது, நின்றுபோனது. அதே வருஷம் இவரும் காலமானார். காமராஜர் மதிய உணவு, எம்.ஜி.ஆர். சத்துணவு, இப்போது காலை உணவு எல்லாம் நமக்குத் தெரியும். இந்த ஓர் அணாதான் யார் வாயிலும் வருவதில்லை.

தி. நகர் வரைபடத்தைப் பிரித்தால் நீதிக்கட்சி வருகைப்பதிவேடு மாதிரி இருக்கும். பனகல் பார்க், நடேசன் பார்க், உஸ்மான் ரோடு எல்லாம் அந்தக் கட்சிக்காரர்கள் பெயர். பாண்டி பஜார்கூடப் பாண்டிச்சேரி இல்லை, சவுந்தரபாண்டியனார். ஆனால் ஒன்றை நான் மெச்ச மாட்டேன். மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் அந்த நகரை எழுப்பினார்கள். பெயர் மட்டும்தான் இவருடையது, தூர்த்த பழியை இவர் தலையில் போட முடியாது. மழைக்கு அங்கே முழங்கால் தண்ணீரில் நான் நின்ற வீடியோ பார்த்தீர்களே, அந்தத் தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடித்தான் வருகிறது.

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று இன்னும் பலகை தொங்குகிறது. லேக் எங்கே? அடுத்த வீடியோவில் அந்த ரோட்டை முழுசாக நடந்து காட்டுகிறேன். பெரியவர் போட்ட தையல் அதுவரை நிற்கும், செருப்பைப் பற்றி உறுதி சொல்ல முடியாது. சரி, மெட்ரோவுக்கு நேரமாகிவிட்டது, கிளம்புகிறேன்.