டோரத்தி கனவு காணவில்லை, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, அவையோரே, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளே, வணக்கம்.

'ஓஸ் மந்திரவாதியின் கதையைக் குழந்தைக்கு முழுமையாகத் தருவது 1900-இல் வந்த நூலா, 1939-இல் வந்த படமா?' என்பது தலைப்பு. நான் நூலின் பக்கம் நிற்கிறேன். கதை தெரியாதவர்களுக்கு ஒரு வரி: கான்சாஸில் அத்தை மாமாவோடு வாழும் டோரத்தி என்ற சிறுமியைச் சூறாவளி வீட்டோடு தூக்கி ஓஸ் என்ற மாய நாட்டில் போடுகிறது; அங்கே ஒரு சோளக்கொல்லைப் பொம்மை, ஒரு தகர மனிதன், ஒரு சிங்கம் என மூன்று நண்பர்களோடு அவள் ஊர் திரும்ப வழி தேடுகிறாள்.

எதிரணித் தலைவர் மூன்று விஷயம் சொன்னார். கான்சாஸ் வீட்டின் கதவைத் திறந்ததும் வண்ணம் கொட்டுகிறதே, அதை எந்தப் புத்தகம் தரும் என்று கேட்டார். வானவில்லுக்கு அப்பால் போக ஏங்கும் அந்தப் பாட்டைக் கேட்டுக் கலங்காதவர் உண்டா என்றார். கடைசியாக, நடந்ததெல்லாம் கனவு என்று படம் முடிவதால்தான் வீட்டின் அருமை புரிகிறது என்றார்.

பாட்டை நான் அப்படியே விட்டுக்கொடுத்துவிடுகிறேன். ஹெரால்ட் ஆர்லனின் இசை, யிப் ஹார்பர்க்கின் வரிகள், பதினாறு வயது ஜூடி கார்லண்டின் குரல். அதோடு போட்டி போட எந்தப் பக்கத்தாலும் முடியாது. ஆஸ்கர் கிடைத்தது நியாயம்தான்.

வண்ணத்துக்கு வருவோம். அது படத்தின் கண்டுபிடிப்பு இல்லை, நடுவர் அவர்களே. ஃப்ராங்க் பாம் எழுதிய நூலுக்கு டென்ஸ்லோ என்ற ஓவியர் படம் வரைந்தார். முதல் பதிப்பில் முழுப்பக்க வண்ணப் படங்கள் மட்டும் 24. அது போக, எழுத்தோடு ஒட்டி வரும் சின்னப் படங்களின் நிறமும் ஊருக்கு ஊர் மாறும். மஞ்ச்கின்கள் நாட்டில் நீலம், மரகத நகரத்தில் பச்சை, விங்கிகள் நாட்டில் மஞ்சள். டெக்னிகலர் என்ற வண்ணத் திரைப்பட முறை வருவதற்கு முன்பே, பக்கத்தைப் புரட்டும் குழந்தையின் விரலுக்கடியில் நிறம் மாறியிருக்கிறது.

ஓஸுக்குப் போகும் முன் கான்சாஸ் சாம்பல் நிறமாக இருக்கிறதே, அதற்கும் நூலில் ஒரு காரணம் உண்டு. உழுத மண்ணை வெயில் சுட்டுச் சாம்பல் நிறமாக்கிவிட்டது. புல்லும் அப்படித்தான். வீட்டுக்கு ஒருகாலத்தில் பெயிண்ட் அடித்திருந்தார்கள், அதையும் வெயில் பொரித்து மழை கழுவிவிட்டது. அத்தை அந்த வீட்டுக்கு வந்தபோது அழகான இளம்பெண். வெயிலும் காற்றும் அவள் கண்ணிலிருந்த ஒளியையும் கன்னத்துச் சிவப்பையும் எடுத்துக்கொண்டன. அநாதைக் குழந்தை டோரத்தி வந்த புதிதில், அவள் சிரிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அத்தை அலறி நெஞ்சைப் பிடித்துக்கொள்வாளாம். சிரிப்புச் சத்தத்துக்கே பழக்கமில்லாத வீடு! இதைப் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். குழந்தைகள் கதையின் முதல் இரண்டு பக்கத்தில் வறுமை ஒரு மனுஷியை என்ன செய்யும் என்று இவ்வளவு நேராகச் சொன்னவர் பாம். படத்தில் வரும் அத்தை நல்லவள்தான், வேலை ஓயாதவள்தான். ஆனால் இந்த அத்தை அங்கே இல்லை.

சரி, இப்போது கனவு. என் வழக்கின் உயிரே இதில்தான் இருக்கிறது.

படம் எப்படி முடிகிறது? டோரத்தி கட்டிலில் கண் விழிக்கிறாள். தலையில் அடி. சுற்றிலும் வீட்டு மனிதர்கள். நான் நிஜமாகவே போய் வந்தேன் என்று அவள் சொல்லச் சொல்ல, எல்லோரும் பரிவாகப் புன்னகைக்கிறார்கள். என் அக்கா மகளுக்கு எட்டு வயது. அந்தக் காட்சி முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்போ அந்தச் சோளக்கொல்லைப் பொம்மை எங்கேயுமே இல்லையா சித்தி?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பண்ணையில் வேலை செய்யும் மூன்று பேரும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்களே, கனவில் பொம்மையாகவும் தகர மனிதனாகவும் சிங்கமாகவும் வந்த நண்பர்கள் அவர்கள்தானே என்று எதிரணி சொல்லலாம். இல்லை ஐயா. நூலில் தகர மனிதன் கோடாரியைத் தூக்கியபடி துருப்பிடித்துப்போய் ஒரு வருடத்துக்கும் மேலாக முனகிக்கொண்டிருந்தான். அவன் மூட்டுகளுக்கு எண்ணெய் விட்டவள் டோரத்தி. பொம்மையைக் கம்பத்திலிருந்து இறக்கியவள் டோரத்தி. நூலின் கடைசிப் பகுதியில், டோரத்தி போட்டிருக்கும் வெள்ளிச் செருப்பின் குதிகாலைத் தட்டினாலே ஊருக்குப் போகலாம் என்று க்ளிண்டா என்ற நல்ல சூனியக்காரி சொல்கிறாள். முதல் நாளே போயிருக்கலாமே என்ற நினைப்பு யாருக்கும் வரும். உடனே பொம்மை சொல்கிறது: அப்படி நீ போயிருந்தால் நான் ஆயுள் முழுக்கச் சோளக்கொல்லையில் நின்றிருப்பேன். தகர மனிதன் சொல்கிறான்: உலகம் முடியும்வரை நான் காட்டில் துருப்பிடித்து நின்றிருப்பேன். சிங்கம் சொல்கிறது: நான் கோழையாகவே இருந்திருப்பேன். டோரத்தி என்ன சொல்கிறாள்? இந்த நண்பர்களுக்கு நான் உதவியாக இருந்ததில் எனக்குச் சந்தோஷம் என்கிறாள்.

நடுவர் அவர்களே, எல்லாம் கனவு என்று சொன்ன நொடியில் இந்த உதவி காற்றில் போகிறது. யாரும் துருப்பிடித்து நிற்கவில்லை, யாரும் காப்பாற்றப்படவும் இல்லை. ஒரு சின்னப் பெண் தன் கையால் செய்த நல்லதை, காய்ச்சலில் பிதற்றியது போல ஆக்கிவிட்டது படம்.

இன்னொன்றும் பாருங்கள். படத்துக்காகப் புதிதாகச் சேர்த்த மிஸ் கல்ச் என்ற பணக்காரப் பெண், ஷெரிஃப் உத்தரவோடு வந்து நாய்க்குட்டி டோட்டோவைப் பிடித்துப்போகிறாள். அது தப்பி வந்ததால்தான் டோரத்தி வீட்டைவிட்டே ஓடுகிறாள். கனவு கலைந்ததும் அந்த உத்தரவு என்ன ஆயிற்று? ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் காலை மிஸ் கல்ச் மறுபடி வாசலில் வந்து நின்றால்? மனம் தேடுவதைக் கொல்லைப்புறத்துக்கு அப்பால் தேட மாட்டேன் என்று குழந்தையைச் சொல்லவைத்த படத்துக்கு, அதே வீட்டில் அவளுக்கு இருந்த பயத்தைத் தீர்க்க நேரமில்லை.

தன் நூலுக்கு எழுதிய முன்னுரையில் பாம் சொல்லியிருப்பது இதற்கு நேர் எதிர். பழைய தேவதைக் கதைகள் ஒரு நீதியைச் சொல்வதற்காகக் குழந்தைகளைப் பயமுறுத்தின. இன்றைய குழந்தைக்கு நீதியைப் பள்ளிக்கூடம் சொல்லித் தருகிறது, இந்தக் கதையை அவர்களின் சந்தோஷத்துக்காக மட்டுமே எழுதினேன் என்கிறார். அவர் வேண்டாம் என்று எடுத்துப் போட்ட நீதியைப் படம் தேடிப் பிடித்து வாலில் கட்டிவிட்டது.

நூலின் கடைசி அத்தியாயம் ஒரு பக்கம்கூட வராது. முட்டைக்கோசுக்குத் தண்ணீர் விட அத்தை வெளியே வருகிறாள். நிமிர்ந்து பார்த்தால் டோரத்தி ஓடி வருகிறாள். காலில் வெறும் காலுறை, ஏனென்றால் வெள்ளிச் செருப்பு பாலைவனத்துக்கு மேலே பறந்து வரும்போது விழுந்துவிட்டது. அத்தைக்குப் பின்னால் நிற்பது புது வீடு. பழைய வீட்டைச் சூறாவளி நிஜமாகவே தூக்கிப்போனதால் ஹென்றி மாமா கட்டிய வீடு! சிரிப்புக்கே பயந்த அந்த அத்தை, குழந்தையைக் கட்டிக்கொண்டு முகமெல்லாம் முத்தமிடுகிறாள். வீட்டின் அருமை இங்கே தெரியவில்லையா? அதற்குக் கனவு எதற்கு?

அப்புறம் அந்தப் புது வீட்டின் கதையும் இருக்கிறது. அதற்காக வாங்கிய கடனை மாமாவால் அடைக்க முடியவில்லை. 1910-இல் வந்த ஆறாவது ஓஸ் நூலில், பண்ணையை விட்டு வெளியேறச் சொல்லிவிடுகிறார்கள். அந்த மாமாதான் அதுவரை டோரத்தி சொன்ன கதைகளை முழுதாக நம்பாதவர். அவள் அம்மாவைப் போல இவளும் கனவு காண்கிறவள் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்.

எதிரணி இன்று சொன்னதைத்தான் அவரும் நினைத்தார், நடுவர் அவர்களே. அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? போக்கிடம் இல்லாமல் நின்ற மாமாவையும் அத்தையையும் ஓஸுக்கே வரவழைத்துக்கொண்டாள். மரகத நகரத்து அரண்மனையில், கூச்சத்தோடு, கான்சாஸ் உடுப்போடு, இரண்டு பேரும் வந்து நிற்கிறார்கள். டோரத்தி ஓடிப்போய் அத்தையின் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். நன்றி, வணக்கம்.