அசலூர்ச் சாட்சி

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். எல்லை கடந்து ஜனநாயகத்தைக் காப்பதில் பெரும்பங்கு அரசுகளுக்கா, அரசு சாராத மக்களும் அவர்களின் அமைப்புகளும் சேர்ந்த குடிமைச் சமூகத்துக்கா என்ற கேள்வியில், குடிமைச் சமூகத்தின் பக்கம் நின்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணிப் பேராசிரியர் அம்மா அவர்கள், வெளிநாட்டுத் தேர்தல் பார்வையாளர்களைப் பற்றி, "ஊரான் வீட்டுத் தேர்தலைப் பார்க்க வருகிற இவர்கள், கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு நாள் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறுகிற விருந்தாளிகள்" என்றார். அவை கைதட்டியது. அந்தக் கைதட்டலைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. ஆகவே உங்களை 1986 பிப்ரவரி 9 அன்றைய இரவுக்கு, பிலிப்பைன்ஸின் தலைநகர் மணிலாவுக்கு அழைத்துப் போகிறேன்.

1965 முதல் பதவியில் இருந்த அந்நாட்டு அதிபர் மார்க்கோஸுக்கும் கொலையுண்ட எதிர்க்கட்சித் தலைவரின் மனைவி கொராசோன் அக்கினோவுக்கும் பிப்ரவரி 7 அன்று தேர்தல் நடந்து முடிந்திருந்தது. பெரிய மாநாட்டு மண்டபம் ஒன்றில் தேர்தல் ஆணையத்தின் கணினிகள் வரிசையாக இருந்தன. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், வந்து சேர்ந்த வாக்கு எண்ணிக்கையைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தாங்கள் ஏற்றிய எண் ஒன்றாகவும், எதிரே பலகையில் தெரிந்த எண் வேறாகவும் இருப்பதை அவர்கள் கவனித்தார்கள். இராணுவ ஆட்சிச் சட்டத்தை நேரில் கண்டு வளர்ந்த தலைமுறை அது. வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. இருந்தும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்கள். அச்சடித்த தாள்களையும் வட்டுகளையும் கையோடு எடுத்துக்கொண்டு, அழுதுகொண்டே வாசலை நோக்கி நடந்தார்கள்.

அந்த வாசல் வரையிலான நடையை மறுபடியும் சொல்கிறேன் நடுவர் அவர்களே, ஏனென்றால் என் வழக்கு முழுவதும் அந்த நடைக்குள்தான் இருக்கிறது. மண்டபத்தில் ஆட்சியின் காவல் இருந்தது. கைது செய்ய ஒரு சொல் போதும். ஆனால் அதே மண்டபத்தில் வெளிநாட்டுச் செய்தியாளர்களின் கேமராக்களும், அம்மா அவர்கள் சொன்ன அந்த அட்டை மாட்டிய விருந்தாளிகளும் இருந்தார்கள். அந்தத் தேர்தலைப் பார்க்க வந்த ஒரு குழுவில் மட்டும் 19 நாடுகளைச் சேர்ந்த 44 பேர் இருந்தார்கள். வட அயர்லாந்தின் ஜான் ஹியூம் அதன் தலைவர்களில் ஒருவர். அத்தனை கண்களுக்கு முன்னால் அந்தப் பெண்களை யாராலும் தொட முடியவில்லை. அவர்கள் பக்லாரன் தேவாலயத்தில் போய் அடைக்கலம் புகுந்து, நடந்ததை உலகத்துக்குச் சொன்னார்கள். அவர்கள் ஆணையத்தின் வேலையாட்கள்தானே என்று எதிரணி கேட்கக்கூடும். நாற்காலியில் இருந்தவரை வேலையாட்கள். எழுந்த கணத்திலிருந்து அவர்கள் குடிமக்கள்.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பங்காளிகளுக்குள் வரப்புத் தகராறு முற்றினால், அசலூர்க்காரர் ஒருவரைச் சாட்சிக்கு அழைப்பார்கள். அவருக்கு அந்த வயலில் பங்கு இல்லை, அதனால்தான் அவர் சொல்லுக்கு மதிப்பு. அவர் மாலையில் தன் ஊருக்குத் திரும்பிவிடுவார் என்பதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. கண்டதை அங்கே போய்ச் சொல்வார் என்ற அச்சம்தான் வரப்பை வெட்ட நினைத்தவன் கையைத் தடுக்கிறது. விமானம் ஏறுகிற விருந்தாளியும் அந்தச் சாட்சிதான் அம்மா.

அரசுகள் அப்போது என்ன செய்தன? இரண்டு நாள் கழித்து, மார்க்கோஸின் நெடுநாள் நண்பரான அமெரிக்க அதிபர் ரீகன், மோசடி இரு தரப்பிலும் நடந்திருக்கலாம் என்றார். மார்க்கோஸ் வென்றதாக அறிவிக்கப்பட்ட பிறகு சோவியத் தூதர் அவருக்கு வாழ்த்துச் சொன்னார். உலகையே இரண்டாகப் பிரித்துக்கொண்டு மல்லுக்கு நின்ற இரு வல்லரசுகளாலும் ஒரு திருட்டைத் திருட்டு என்று அன்று சொல்ல முடியவில்லை. சொன்னவர்கள் கத்தோலிக்க ஆயர்கள். வாக்குப்பெட்டிகளைச் சுற்றிக் கைகோத்து நின்ற கன்னியாஸ்திரிகள். 'நாம்ஃப்ரெல்' என்ற குடிமக்கள் அமைப்பின் ஏறத்தாழ ஐந்து லட்சம் தன்னார்வலர்கள். வாக்குச்சாவடிக் கணக்கின் பிரதிகளைச் சேகரித்து, ஒரு பள்ளி விளையாட்டரங்கில் வைத்து அவர்கள் தனியாகக் கூட்டிப் பார்த்தார்கள். கைக்கு வந்த சாவடிகளின் கணக்கில் அக்கினோவுக்கு 78 லட்சம், மார்க்கோஸுக்கு 70 லட்சம். பிப்ரவரி 25 இரவு மார்க்கோஸ் நாட்டை விட்டுப் போனார்.

அந்த வழிமுறை பிலிப்பைன்ஸோடு நிற்கவும் இல்லை. 1997-இல் பாங்காக்கில் ஆசியத் தேர்தல் கண்காணிப்பு அமைப்புகள் 'அன்ஃப்ரெல்' என்ற பெயரில் ஒன்றுகூடின. நாம்ஃப்ரெலும், இலங்கையில் 1987 முதல் இயங்கும் 'பெஃப்ரல்' அமைப்பும் அதில் உறுப்பினர்கள். மணிலாவில் கற்ற பாடத்தோடு ஒருவர் இன்னொரு நாட்டுச் சாவடி வாசலில் நிற்கிறார் என்றால், அதற்கு எந்த அமைச்சகத்தின் ஆணையும் காரணமில்லை.

2022-இல் அதே மார்க்கோஸின் மகனையே மக்கள் தேர்ந்தெடுத்தார்களே என்று கேட்பீர்கள். எனக்கும் அது வலிக்கிறது. ஆனால் அந்தப் பெண்கள் காத்தது மக்கள் போட்ட வாக்கை. யாருக்குப் போட வேண்டும் என்பதை அவர்கள் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. என் பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவர். தேர்தல் நாளன்று விடியலிலேயே குளித்து, பெட்டியில் மடித்து வைத்த சேலையைக் கட்டிக்கொண்டு, முதல் ஆளாக வரிசையில் நிற்பார். வாக்கு எண்ணும் நாளில் வானொலிப் பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். யார் ஜெயித்தார் என்று அவர் கேட்டதே இல்லை. "எய்யா, நம்ம ஊருப் பெட்டிய எண்ணிட்டாகளா?" என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. எண்ணிவிட்டார்கள் ஆச்சி என்று நான் சொன்ன பிறகுதான் சாப்பிட எழுவார்.

மணிலாவில் அந்தப் பெண்கள் அழுதுகொண்டே வாசலைத் தாண்டிய இரவில், ஏதோ ஒரு தீவில், ஏதோ ஒரு ஆச்சி, இதே கேள்வியோடு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்திருப்பார். அவருக்குப் பதில் சொல்ல அம்மா அவர்கள் யாரை அனுப்புவார்கள்? நான் அந்தப் பெண்களை அனுப்புகிறேன். அவர்களுக்குத் துணையாக, கழுத்தில் அட்டை மாட்டிய அந்த அசலூர்க்காரரையும் அனுப்புகிறேன்.

நன்றி, வணக்கம்.