ஒரே பாடம், இரண்டு பரீட்சை

வணக்கம். இந்த வாரம் மட்டும் மூன்று அம்மாக்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "டீச்சர், ஜனவரியில் ஜே.இ.இ., பிப்ரவரியில் போர்டு எக்ஸாம், பையனை எதை முதலில் படிக்கச் சொல்லட்டும்?" ஜே.இ.இ. என்றால் இந்தியாவில் இன்ஜினியரிங் சேர எழுதும் நுழைவுத் தேர்வு. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் 18 வருடமாக இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன், இந்தக் கேள்வி வராத நவம்பர் மாதமே இல்லை. வானொலியில் பேசக் கூப்பிட்டதும் இதையே பேசலாம் என்று வந்துவிட்டேன்.

மலேசியப் பள்ளித் தேர்வுகளான எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். எழுதும் வீடுகளில் இருந்து கேட்பவர்களுக்காக ஒரு விளக்கம். இங்கே அந்த ரிசல்ட்டை வைத்தே மேற்படிப்புக்கு விண்ணப்பித்துவிடலாம். கோலாலம்பூரில் இந்தியப் பாடத்திட்டத்தில் படித்து, ஊருக்குப் போய் இன்ஜினியரிங் சேர நினைக்கும் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு போர்டு பரீட்சை தனி, ஜே.இ.இ. மெயின் தனி. மெயினை வைத்து என்.ஐ.டி. என்ற தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் இடம் கிடைக்கும், அதில் முன்னால் வரும் சுமார் இரண்டரை லட்சம் பேர் மட்டும் ஐ.ஐ.டி.க்கான அட்வான்ஸ்டு எழுதலாம். மெயின் ஜனவரியில் ஒரு முறை, ஏப்ரலில் ஒரு முறை நடக்கும். இரண்டையும் எழுதினால் எது நன்றாக வந்ததோ அதுதான் கணக்கு. போர்டு பரீட்சை சரியாக இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து உட்காரும். போதாததற்கு ஜனவரி வாக்கில் பள்ளியில் செய்முறைத் தேர்வு, ரெக்கார்டு நோட்டு, புராஜெக்ட் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

பெரும்பாலான வீடுகளில் என்ன செய்கிறார்கள் என்றால், ஒரு நாளை இரண்டாக வெட்டி, பகலில் ஸ்கூல் பாடம், ராத்திரியில் என்ட்ரன்ஸ் பாடம் என்று வைத்துவிடுகிறார்கள். அங்கேதான் பிள்ளை களைத்துப் போகிறது. பாடம் ஒன்றுதான், இந்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடப்புத்தகம்தான் இரண்டுக்கும் அடிப்படை. கேட்கும் விதம்தான் வேறு. மெயினில் 180 நிமிடத்தில் 75 கேள்வி, சரியாக இருந்தால் 4, தப்பாக இருந்தால் 1 போய்விடும். போர்டில் படம் வரைந்து, படிப்படியாக எழுதிக் காட்ட வேண்டும்.

போன வருடம் என்னிடம் படித்த ஒரு பையனின் விடைத்தாள் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. லென்ஸின் குவியத் தூரத்தைக் கணக்கிடும் லென்ஸ் மேக்கர் சூத்திரத்தை வருவி என்று 5 மதிப்பெண் கேள்வி. சூத்திரத்தை அழகாக ஒரே வரியில் எழுதி, கீழே கோடு போட்டு முடித்துவிட்டான். படம் இல்லை, குறி மரபு இல்லை, முதல் பரப்பு, இரண்டாம் பரப்பு என்ற பேச்சே இல்லை. 1 மதிப்பெண்தான் போட முடிந்தது. அவனுக்குத் தெரியாதா என்றால், தெரியும். பலகையில் வந்து போடு என்றேன், நான்கு நிமிடத்தில் போட்டுக் காட்டினான். எட்டு மாதமாக அவன் கை ஒரு முழு விடையையும் எழுதியதில்லை, விரல் ஏ, பி, சி, டி என்று தட்டியே பழகிவிட்டது.

அதற்கப்புறம் அவனுக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்தோம். எந்தப் பாடம் எடுத்தாலும் முதலில் அதன் நீள விடையைப் பேனாவால் எழுதிவிட்டு, உடனே அதே பாடத்தில் பதினைந்து என்ட்ரன்ஸ் கேள்வி. 1.5 ஒளிவிலகல் எண் உள்ள லென்ஸைத் தண்ணீரில் போட்டால் குவியத் தூரம் என்ன ஆகும் என்று என்ட்ரன்ஸில் கேட்பார்கள், நான்கு மடங்கு ஆகும். அந்தச் சூத்திரத்தைக் கையால் வருவித்தவனுக்குச் சுற்றியுள்ள ஊடகத்தின் எண் எந்த இடத்தில் உள்ளே வருகிறது என்று தெரியும், விடை தானாக விழுந்துவிடும். மனப்பாடம் செய்தவன் அங்கேதான் தடுமாறுவான். ஸ்கூலுக்காக எழுதியது என்ட்ரன்ஸுக்கும் கை கொடுத்ததை அவனே வந்து சொன்னான்.

போர்டு மதிப்பெண்ணை லேசாக நினைப்பவர்களிடம்தான் எனக்கு வருத்தம். பொதுப் பிரிவில் என்.ஐ.டி., ஐ.ஐ.டி. சேரப் பன்னிரண்டாம் வகுப்பில் 75 சதவீதம் வேண்டும், இல்லையென்றால் தன் போர்டில் முதல் 20 பெர்சன்டைலுக்குள், அதாவது நூறு பேரில் முதல் இருபது பேருக்குள், வர வேண்டும். என் மகள் படித்தபோது ஓர் ஆன்லைன் வகுப்பில், ஸ்கூல் பரீட்சை தானாக வந்துவிடும், கண்டுகொள்ளாதே என்று சொல்லிவிட்டார்கள், நானும் நம்பினேன். இயற்பியல் பரீட்சையில் இரண்டு நீள விடைகளை முடிக்காமல் எழுந்து வந்தாள். மே மாதம் ரிசல்ட் வரும்வரை வீட்டில் யாருக்கும் சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. 76 சதவீதம் வந்தது. அந்த ஒரு சதவீதத்தில் தப்பித்தோம்.

தமிழ்நாட்டுப் பக்கம் யோசித்தாலும் இதே கதைதான். அங்கே இன்ஜினியரிங்குக்கு நுழைவுத் தேர்வை 2007-லேயே எடுத்துவிட்டார்கள். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்கான கட்-ஆஃப் முழுக்கப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். வெளிநாட்டில் படித்த பிள்ளைக்கு என்ன நிபந்தனை என்று முன்கூட்டியே படித்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது தூக்கம். இது நம் ஊருக்கே உள்ள சிக்கல். இந்தியாவைவிட நாம் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அங்கே ராத்திரி ஏழரைக்குத் தொடங்கும் ஆன்லைன் வகுப்பு இங்கே பத்து மணிக்கு, முடியும்போது நடுராத்திரி பன்னிரண்டு. காலையில் ஆறரைக்கு வேன் வந்து நிற்கும்போது வெளியே இன்னும் இருட்டுதான். சிவந்த கண்ணோடு, மைலோவைக் கூடப் பாதியில் வைத்துவிட்டு ஓடும் பிள்ளைகளை எத்தனை பேர் வீட்டில் பார்க்கிறேன்! நேரலையை விடுங்கள், மறுநாள் சாயங்காலம் பதிவைப் பார்க்கட்டும், ஒன்றும் குறைந்துவிடாது. தேர்வு நேரமும் அப்படித்தான். அங்கே மாலை மூன்று மணி ஷிஃப்ட் என்றால் கோலாலம்பூர் மையத்தில் ஐந்தரையில் இருந்து எட்டரை. பள்ளி விட்டு வந்து படுத்துத் தூங்கும் வேளை அது. டிசம்பரில் மாக் டெஸ்டை அந்த நேரத்திலேயே எழுத வையுங்கள்.

அண்ணன், அக்கா கொடுத்த பழைய கைடுகளை அப்படியே படிக்க வேண்டாம். 2024-ல் மெயின் பாடத்திட்டத்தைக் குறைத்துவிட்டார்கள். பாலிமர், திடநிலை, மேற்பரப்பு வேதியியல் எல்லாம் போய்விட்டது. போன மாதம்கூட ஒரு பெண் பாலிமர் பெயர்களை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள், பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது.

சரி, அந்த அம்மாக்களுக்கு என்ன சொன்னேன்? டிசம்பர் முடியும்வரை இரண்டையும் ஒன்றாகவே படிக்கட்டும், ரெக்கார்டு நோட்டை மட்டும் அதற்குள் முடித்துவிடட்டும். ஜனவரித் தேர்வு முடிந்த அன்று என்ட்ரன்ஸ் புத்தகங்களைக் கட்டி அலமாரிக்கு மேலே வைத்துவிடுங்கள், விடைக்குறிப்பைப் பார்த்து மார்க் கணக்குப் போட்டு மூன்று நாள் அழுவதற்கும் இடம் கொடுக்காதீர்கள். அதற்கப்புறம் போர்டு முடியும்வரை பேனாவும் தாளும்தான். தைப்பூசம் அந்த வாக்கில்தான் வரும், பத்துமலைக்கு வருகிறேன் என்றால் கூட்டிக்கொண்டு போங்கள், ஒரு நாளில் எதுவும் கெட்டுவிடாது.

கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்ததும் நன்றாகத் தூங்கட்டும். ஏப்ரல் தேர்வுக்குச் சில நாட்கள்தான் இருக்கும், அதில் புதுப் பாடம் எதையும் தொடவேண்டாம். ஜனவரி வரை எழுதிய மாக் டெஸ்டுகளில் தப்பான கணக்குகளை மட்டும் ஒரு நோட்டில் சேர்த்து வைத்திருந்தால், அந்த நோட்டை மேசையில் எடுத்து வையுங்கள், மறுநாள் காலையில் அவனே எழுந்து வந்து திறப்பான்.